சேர்வர் ராக்கில் தட்டுப் போடுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலை அலுவலகங்களிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் ராக் கட்டும்போது ஆட்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ராக் என்பது கணினிச் சாமான்களை மேலும் கீழுமாகப் பூட்ட, ஓட்டை போட்ட கம்பங்கள் நிற்கும் சட்டம்; கதவு வைத்துப் பெட்டியாக வந்தால் அதுதான் கபினட். தட்டு என்பது அந்தக் கம்பங்களில் பூட்டிச் சாமானை வைக்கும் தகடு. பெரிய டேட்டா சென்டருக்கான விஷயம் இல்லை. ஒரு ரவுட்டர், ஒரு சுவிட்ச் (நெட்வொர்க் வயர்களை இணைக்கும் பெட்டி), கமரா பதியும் பெட்டி, யூ.பி.எஸ். என்று ஐந்தாறு சாமான்களை ஒழுங்காக வைக்க நினைப்பவர்களுக்கானது.

எனக்குத் தட்டு தேவைதானா?

முதலில் சாமானின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். முன்பக்க ஓரத்தில் காது மாதிரித் தகடு இருந்தால், அல்லது அதைப் பூட்ட ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்தால், அந்தச் சாமானுக்குத் தட்டு வேண்டாம். 24 போர்ட் சுவிட்ச்சில் பெரும்பாலும் இந்தக் காதுகள் பெட்டியோடு சிறு பையில் வரும். பெட்டியைக் குப்பையில் போடும்போது அந்தப் பையும் சேர்ந்து போய்விடும், பிறகு சுவிட்ச்சை வைக்க ஒரு தட்டு வாங்குவார்கள். இது நான் அதிகம் பார்க்கும் வீண் செலவு.

ராக்குக்கென்றே செய்த சேர்வருக்கும் தட்டு வேண்டாம். அதற்குரிய ரெயில் செட் தனியாக இருக்கிறது. அதில் பூட்டினால் சேர்வரை முன்னே இழுத்து மூடியைத் திறந்து வேலை செய்யலாம். தட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் தூக்கி இறக்க வேண்டும்.

தட்டு எதற்கு என்றால், காது இல்லாத சாமான்களுக்கு: பைபர் இணைப்புக்காரர் கொண்டுவந்து தரும் சின்னப் பெட்டி, சின்ன ரவுட்டர், மினி பீசி, வீட்டு வகை நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி), நிற்கும் வகை யூ.பி.எஸ்.

கொழும்பில் வாங்கும் தட்டு இங்கே இருக்கும் ராக்குக்குப் பொருந்துமா?

அகலத்தில் பிரச்சினை வராது. 19 அங்குல ராக் என்பது இ.ஐ.ஏ. 310 என்ற தரநிர்ணயத்தின்படி செய்யப்படுவது. முன்தகட்டின் அகலம் 482.6 மி.மீ., இரண்டு கம்பங்களுக்கும் நடுவே சாமான் நுழையும் இடைவெளி ஏறக்குறைய 450 மி.மீ., ஓட்டைக்கு ஓட்டை குறுக்காக 465.1 மி.மீ. எந்த நாட்டில் செய்தாலும் இதுதான்.

பிழைப்பது ஆழத்தில். அதற்குப் பொது அளவு ஒன்றும் கிடையாது. சுவரில் மாட்டும் கபினட் 450 அல்லது 600 மி.மீ. ஆழம் இருக்கும், நிற்கும் கபினட் 600, 800, 1000 என்று போகும். யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு, தட்டு 5 செ.மீ. நீளம் கூட என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க 250 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆகவே டேப்பை எடுத்து முதலில் அளந்துவிடுங்கள்.

ஆழத்தை எங்கிருந்து எங்கே அளப்பது?

கபினட்டின் வெளி அளவை அளக்காதீர்கள். அது உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது. முன்கம்பத்தின் முன்முகத்திலிருந்து பின்கம்பத்தின் பின்முகம் வரை அளக்க வேண்டும். நான்கு கம்பத்திலும் பூட்டும் தட்டின் விபரத்தில் ‘இத்தனை மி.மீ. முதல் இத்தனை மி.மீ. வரை’ என்று போட்டிருப்பது இந்தத் தூரத்தைத்தான்.

இன்னொரு அளவும் வேண்டும்: முன்கம்பத்திலிருந்து முன்கதவு வரை, பின்கம்பத்திலிருந்து பின்கதவு அல்லது சுவர் வரை. சாமானின் பின்னால் வயர் குத்தி வளைய இடம் விட வேண்டும், 8 முதல் 10 செ.மீ. இருந்தால் நிம்மதி. பைபர் வயரை 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடிக்காதீர்கள். கதவு அதன்மேல் அழுத்தி மூடினால் வெளியே காயம் தெரியாது, ஆனால் இணைப்பு விட்டுவிட்டு வரும்.

நல்ல கபினட்டில் பின்கம்பங்களை முன்னும் பின்னும் நகர்த்தலாம். தட்டை மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள். நான்கு போல்ட்டைத் தளர்த்தினால் தீரும் விஷயமாக இருக்கலாம்.

பெட்டியில் 20 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. என் யூ.பி.எஸ். 12 கிலோதான். போதும்தானே?

போதாமலும் போகலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தட்டு தொங்கிப்போன இடங்களில் முக்கால்வாசிக்குக் காரணம் இதுதான்.

தட்டில் இரண்டு இனம். ஒன்று முன் இரண்டு கம்பத்தில் மட்டும் பூட்டி, பின்பக்கம் அந்தரத்தில் நிற்பது. மற்றது நான்கு கம்பத்திலும் பூட்டுவது. பெட்டியில் போட்டிருக்கும் கிலோ, பாரம் தட்டு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்று வைத்துச் சொன்ன கணக்கு. யூ.பி.எஸ்.ஸில் பாரம் சமமாக இருக்காது; பற்றரி இருக்கும் பக்கமே கனம். உள்ளே இருக்கும் ஈயப் பற்றரி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி அளவில், ஒன்றே 2 கிலோவுக்கு மேல். பெட்டியின் இரு முனையையும் மாறி மாறித் தூக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் கனம் என்று கை சொல்லும்.

இப்போது கணக்கு. 12 கிலோச் சாமானின் நடுப்பாரம் முன்கம்பத்திலிருந்து 20 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். அந்தரத் தட்டை அது திருகும் அளவு 12 × 20 = 240 கிலோ-செ.மீ. ஒரு யூ (ராக்கில் உயரத்தை எண்ணும் அலகு, 44.45 மி.மீ.) உயரத் தட்டில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 3.2 செ.மீ. அளவுதான். ஆகவே அந்தத் திருகலைத் தாங்க ஸ்க்ரூப் பக்கம் 240 ÷ 3.2 = 75 கிலோ இழுவை வருகிறது; இடம் வலம் என்று பங்கு போட்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய 37 கிலோ. 12 கிலோ வைத்த இடத்தில்! அதே சாமானை இரண்டு யூ காதுள்ள தட்டில் வைத்தால் ஸ்க்ரூ இடைவெளி 7.6 செ.மீ., இழுவை பக்கத்துக்கு 16 கிலோவாகக் குறைகிறது. எம்6 ஸ்க்ரூ (6 மி.மீ. தடிப்பானது) இதற்கெல்லாம் உடையாது. காதின் தகடுதான் மடியும், மெல்லிய கபினட்டில் கம்பமும் சேர்ந்து முறுகும்.

இழுவை எந்த ஸ்க்ரூவில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். பின்பக்கம் கீழே தாழும்போது காதின் மேல்பகுதி கம்பத்தோடு அழுந்துகிறது, கீழ்ப்பகுதி கம்பத்தை விட்டு முன்னே வரப் பார்க்கிறது. அதாவது வேலை செய்வது கீழ் ஸ்க்ரூ. அவசரத்தில் மேலே மட்டும் இரண்டு ஸ்க்ரூப் போட்டு விட்டுப் போகிறார்களே, அவர்கள் தேவையானதை விட்டு மற்றதைப் போட்டிருக்கிறார்கள்.

என் கணக்கு சுருக்கமாக: ரவுட்டர், மினி பீசி, பைபர் பெட்டி என்றால் ஒரு யூ அந்தரத் தட்டு தாராளம். 5 கிலோவைத் தாண்டினால் இரண்டு யூ காது. 10 கிலோவைத் தாண்டினால் நான்கு கம்பத் தட்டு, பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் சரி.

அப்படியானால் யூ.பி.எஸ்.ஸை எங்கே வைப்பது?

நிற்கும் கபினட் என்றால் அடித்தளத்தில், தட்டே இல்லாமல். பாரம் கீழே இருந்தால் கபினட் சரியாது. ஆனால் மாரியில் வெள்ளம் ஏறும் கட்டடம் என்றால் கீழிருந்து ஓரிரு யூ மேலே நான்கு கம்பத் தட்டுப் போட்டு அதில் வையுங்கள். சுவர் கபினட்டில் யூ.பி.எஸ். வைக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பக்கத்தில் தரையில் ஒரு சிறு மேடை போதும்.

எத்தனை யூ இடம் ஒதுக்க வேண்டும்?

ஒரு யூ 44.45 மி.மீ. சாமானின் உயரத்தை அதால் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். 200 மி.மீ. உயர நாஸ் என்றால் 4.5 வரும், ஆகவே 5 யூ. தட்டின் தடிப்புக்கும் மூச்சு விடவும் சேர்த்து 6 யூ விடுங்கள். 6 யூ சுவர் கபினட் வைத்திருப்பவருக்கு அதோடு கதை முடிந்தது. படுக்கவைக்கலாமா என்று அந்த நாஸின் கையேட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

ஓட்டை உள்ள தட்டா, வெறும் தகடா?

ஓட்டை உள்ளது. சின்ன ரவுட்டர்களும் மினி பீசிகளும் அடிப்பக்கத்தாலும் காற்று வாங்குகின்றன. அப்புறம், வயர் கட்டும் பட்டியைக் கோர்த்துச் சாமானைத் தட்டோடு கட்டவும் அந்த ஓட்டைகள் உதவும். வெறும் தகடு வேண்டுமானால் ஒரே காரணம், மேலே இருப்பதிலிருந்து ஏதும் விழும் என்ற பயம்.

சாமானை அடுக்காதீர்கள். கமரா பெட்டியின் ஹார்ட் டிஸ்க் சூட்டின்மேல் ரவுட்டரை வைத்தால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் இரண்டும் சேர்ந்து வேகும்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கறள் பிடிக்காத தட்டு இருக்கிறதா?

டச்சுக்குடாப் பக்கத்திலும் உப்புவெளிக் கரையிலும் இந்தக் கேள்வி தவறாமல் வரும். கடைகளில் கிடைக்கும் தட்டு பெரும்பாலும் குளிர்முறையில் உருட்டிய உருக்குத் தகடு, மேலே பவுடர் பூச்சு. பூச்சு முழுதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கறள் தொடங்குவது வெட்டு ஓரத்தில், ஓட்டையின் உள்விளிம்பில், ஸ்க்ரூத் தலை பூச்சைக் கீறிய வட்டத்தில். வாங்கும்போது தட்டைக் கவிழ்த்து ஓட்டை விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு உள்ளே வரை இறங்கியிருந்தால் விளிம்பு மழுங்கலாக இருக்கும், வெறும் தகடு என்றால் விரலைக் கீறும்.

கறள் முதலில் தின்பது தட்டை அல்ல, நட்டையும் ஸ்க்ரூவையும். நாகப்பூச்சு மெல்லியதாக இருந்தால் உப்புக்காற்றில் முதலில் வெள்ளைத் தூள் பூக்கும், பிறகு சிவக்கும். துருப்பிடிக்காத உருக்கு ஸ்க்ரூ வாங்கலாம். 304 என்ற ரகம் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும், 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் கபினட் அலுமினியம் என்றால் அதில் துருப்பிடிக்காத உருக்கைப் பூட்டும்போது நடுவே நைலோன் வொஷர் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும்.

தட்டில் புதிதாக ஓட்டை துளைக்க வேண்டாம். துளைத்தே ஆக வேண்டும் என்றால் துளைத்த அன்றே நாகப் பிரைமர் தொட்டுவிடுங்கள். இரும்புத் தூளைத் துடைக்காமல் விட்டால் அது சாமானுக்குள் போய் ஷோர்ட் ஆக்கும், தட்டிலும் புள்ளி புள்ளியாகக் கறள் ஊற்றும்.

இதையெல்லாம்விடப் பெரிய மருந்து, கபினட்டைக் கடலைப் பார்த்த யன்னலுக்கு முன் வைக்காமல் இருப்பது. விடுதிகளில் வரவேற்பு மேசைக்குப் பின்னால், காற்று நேரே படும் இடத்தில் வைக்கச் சொல்வார்கள். நான் மறுப்பேன்.

இழுத்து வெளியே எடுக்கும் தட்டு வாங்கலாமா?

விசைப்பலகைக்கும் மடிக்கணினிக்கும் நல்லது. நிரந்தரமாக இருக்கும் சாமானுக்கு வேண்டாம். இழுக்கும்போது பாரம் முழுக்க முன்னே வரும், நிலத்தில் பூட்டாத கபினட் முன்னே சாயும். வயர்களுக்கும் இழுக்கும் தூரம் அளவு தளர்வு விட வேண்டும், அந்தத் தளர்வு மூடும்போது எங்கேயாவது சிக்கும். அதன் ரெயில் குண்டுகள் உப்புக்காற்றில் இறுகிப்போவது வேறு. வாங்கினால் இழுத்த நிலையில் லொக் ஆகும் ரகமாகப் பாருங்கள்.

சரி, பூட்டுவது எப்படி?

முதலில் யூ எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். கம்பத்தில் ஓட்டைகள் ஒரே இடைவெளியில் இல்லை: 15.9, 15.9, 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். நெருங்கி நிற்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதைத் தவறவிட்டு ஓர் ஓட்டை தள்ளிப் பூட்டினால் தட்டு நிற்கும், ஆனால் அதற்கு மேலே வரும் சுவிட்ச் நுழையாது. யூ எண் அச்சிடாத கபினட் என்றால் ஒட்டுத்தாளால் நான்கு கம்பத்திலும் ஒரே ஓட்டையை அடையாளம் செய்யுங்கள். நான்கிலும் கீழிருந்தே எண்ணுங்கள்.

சதுர ஓட்டை என்றால் கேஜ் நட் (இரண்டு இறகுள்ள தகட்டுக் கூட்டுக்குள் இருக்கும் நட்டு) போட வேண்டும். கம்பத்தின் உள்பக்கத்திலிருந்து, ஒரு இறகை ஓட்டைக்குள் கொளுவி, மற்ற இறகை அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். ‘டிக்’ என்று உட்காரும். விரலால் அழுத்தினால் நகத்தைப் பிய்க்கும். அதற்கென்று வரும் வளைந்த தகட்டுக் கொளுவியோ தட்டையான ஸ்க்ரூட்ரைவரோ பாவியுங்கள். இறகுகள் இடம் வலமாக இருக்கும்படி போடுவது என் வழக்கம். மேல் கீழாகப் போட்டால் நெருங்கிய இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே 3 மி.மீ. தகடுதான் இருக்கிறது, இறகுகள் ஒன்றோடொன்று முட்டும்.

எல்லா நட்டையும் போட்ட பிறகே தட்டைத் தூக்குங்கள். ஒருவர் பிடிக்க, மற்றவர் முதலில் கீழ் ஸ்க்ரூக்களைப் பாதியளவு திருக வேண்டும். தட்டு அதில் தங்கி நிற்கும், மேல் ஸ்க்ரூக்களை ஆறுதலாகப் போடலாம். எதையும் இறுக்க வேண்டாம். நான்கு கம்பத் தட்டு என்றால் பின்பக்கமும் இப்படியே. எல்லாம் கோர்த்த பிறகு தண்ணீர் மட்டத்தைத் தட்டின்மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்துவிட்டு இறுக்குங்கள். முதலே இறுக்கினால் கடைசி ஸ்க்ரூ ஓட்டைக்கு நேரே வராது, பலவந்தமாகத் திருகி நட்டின் புரியைக் கெடுத்துவிடுவீர்கள்.

பாரம் வைத்த மறுநாள் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புதுப் பூச்சு நசிந்து கால் திருப்பு தளர்ந்திருக்கும்.

ஸ்க்ரூ பாதி போய் இறுகி நிற்கிறது. எண்ணெய் விடவா?

எண்ணெய் வேண்டாம், கழற்றுங்கள். அநேகமாக ஸ்க்ரூவும் நட்டும் வேறு வேறு புரி. இங்கே கிடைக்கும் கபினட் பெரும்பாலும் எம்6. அமெரிக்க ராக்குகளில் 10-32, 12-24 என்ற புரிகள் உண்டு. பழைய சாமானோடு வந்த ஸ்க்ரூக்கள் கலந்துவிட்டால் இப்படித்தான். கையால் நான்கு சுற்றாவது இலகுவாகப் போகாத ஸ்க்ரூவை ட்ரைவரால் திருகாதீர்கள்.

சுவர் கபினட்டில் தட்டுப் போட்டால் சுவர் தாங்குமா?

சுவரைப் பொறுத்தது. கட்டிச் செங்கல் என்றால் பரவாயில்லை. உள்ளே குழியுள்ள சீமெந்துக் கல் என்றால் சாதாரண ரோல் பிளக் வெறும் ஓட்டுக்குள்தான் பிடிக்கும். பாரம் கூடக் கூடப் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து நட்டுப் பூட்டுவது நம்பிக்கை. பழைய சுண்ணாம்புச் சாந்துக் கட்டடங்களில் கல்லில் துளையுங்கள், சாந்தில் துளைக்காதீர்கள். ட்ரில் பண்ணும்போது சிவப்புத் தூளா சாம்பல் தூளா வெள்ளைத் தூளா வருகிறது என்று பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஊரில் வெல்டிங் கடையில் செய்விக்கலாமா?

தாராளமாக. பாரத் தட்டு என்றால் கடையில் விற்கும் 1.2 மி.மீ. தகட்டைவிட அவர்கள் செய்யும் 2 மி.மீ. தகடு எனக்கு அதிகம் பிடிக்கும். அளவை வாயால் சொல்லாமல் வரைந்து கொடுங்கள்: காதோடு முழு அகலம் 482 மி.மீ., உடல் அகலம் 440 மி.மீ., காதின் ஓட்டைகள் குறுக்காக 465 மி.மீ. தூரத்தில், ஓட்டையை வட்டமாகப் போடாமல் பக்கவாட்டில் நீட்டிய ஓட்டையாக. வெல்டிங் சூட்டில் தகடு ஓரிரு மில்லிமீட்டர் இழுக்கும், அதை நீட்டிய ஓட்டை சமாளிக்கும். ஓரங்களை ஓர் அங்குலம் கீழே மடித்துவிடச் சொல்லுங்கள். தடிப்பைக் கூட்டுவதைவிட அந்த மடிப்புத்தான் தட்டை நடுவே தொங்காமல் காக்கும். பூசுவதற்கு முன் வெல்டிங் பிசிறை உரசிவிட்டார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

தட்டுக்கும் எர்த் வேண்டுமா?

கபினட்டுக்குக் கட்டாயம் வேண்டும். பச்சை-மஞ்சள் வயரைக் கபினட்டின் எர்த் போல்ட்டிலிருந்து கட்டடத்தின் எர்த்துக்கு இழுக்க வேண்டும், அதை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் இங்கே இடி மின்னல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தட்டைப் பொறுத்தவரை, பவுடர் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பூட்டும் ஒரு ஸ்க்ரூவுக்காவது பல்லுள்ள வொஷர் போட்டால் பூச்சைக் கடித்துக்கொண்டு உலோகத்தைத் தொடும். அந்த இடம் கறள் பிடிக்கும் இடமும்கூட, வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

தட்டின் பின்னால் திறந்து கிடக்கும் வயர் ஓட்டையை மூட வேண்டுமா?

மூடுங்கள். பல்லியும் கரப்பானும் சூட்டுக்கு வரும். பிரஷ் வைத்த மூடி கிடைக்காவிட்டால் வயருக்கு அளவாக வெட்டிய பஞ்சு ரப்பர் போதும்.

வைபை ரவுட்டரையும் தட்டில் வைத்துக் கதவைப் பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் சிக்னல் பெரும்பாலும் கபினட்டுக்குள்ளேயே இருக்கும். இரும்புப் பெட்டி அலையைப் பெருமளவு தடுத்துவிடும். ரவுட்டரைத் தட்டில் வைத்து அதன் வைபையை நிறுத்திவிட்டு, வெளியே கூரையில் தனி அக்சஸ் பொயின்ட் (வைபையைப் பரப்பும் பெட்டி) ஒன்றைப் போடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் ரவுட்டரைக் கபினட்டுக்கு மேலே வையுங்கள். தட்டும் மிச்சம்.